பால் ஊற்றினால் விடும் கை

ஒட்டிக்கொண்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லிச் சொல்லி நாக்குப் பழகியிருந்தது. ஒட்டாவிட்டால் சொல்ல வேண்டியது அதைவிடச் சுலபம். தொடவே மாட்டேன் என்று அண்ணனிடம் சொல்வதற்குத்தான் அவளிடம் வாக்கியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, நிறுத்தத்துக்கு ஒரு வாக்கியமாக மனதுக்குள் எழுதி அடித்துக்கொண்டே வந்தாள். அண்ணா, நீ சொன்னதை யோசிச்சுப் பாத்தேன். கூடாது, யோசித்தேன் என்றால் இன்னும் கொஞ்சம் யோசி என்பான். அண்ணா, எனக்குக் கை வலிக்குது. அதுவும் கூடாது; வலித்தால் என்ன, ஒரு நொடிதானே என்பான். அண்ணா, இது தப்பு. இந்த வாக்கியத்தை அவள் ஒரு நிறுத்தம் முழுக்க வைத்துப் பார்த்தாள். தப்பு என்ற சொல்லைக் கேட்டால் அவன் முகம் எப்படிச் சுருங்கும் என்பது தெரியும். அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கும் அப்படித்தான் சுருங்கியிருந்தது. அதையும் அடித்துவிட்டாள்.

அவளுடைய வலது உள்ளங்கை, புற்றுநோய் தொடங்கிய உடம்பின்மேல் பட்டால் ஒட்டிக்கொள்ளும். நோய் உள்ளே எந்த மூலையில் இருந்தாலும் சரி, தோலில் எங்கே தொட்டாலும் சரி. இழுத்தால் வராது. பால் ஊற்றினால் விடும். சந்தையில் வெங்காயம் என்ன விலை என்பதுபோல ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. விலையைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வதுபோல இதைப் பற்றியும் குறைபட்டுக்கொள்வார்களே தவிர, எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

அண்ணன் கேட்டது பெரிய காரியமல்ல. அவன் மகனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டது. பக்கத்து ஊர் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருபவள். அன்று மாலை தன் அப்பாவோடு டீ குடிக்க வருகிறாள். அவளுடைய அம்மா, அவள் பள்ளியில் படிக்கும்போதே புற்றுநோயில் போய்விட்டாள். வாம்மா என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தால் போதும் என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தான். "அவ பக்கத்து ஊருக்காரி, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வீட்டுக்கு வர்ற பொண்ணோட கையப் பிடிக்கிறதுல என்ன இருக்கு? எல்லாரும் பிடிக்கிறதுதானே" என்றான். அவன் பூட்டுக்கடை வைத்திருப்பவன். தன் வீட்டுக் கதவைப் பூட்டிய பிறகு இழுத்துப் பார்க்காமல் படி இறங்கியதே இல்லை.

கைக்கு இப்படி ஆனது அவள் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தபோது. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவை அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இருந்த கூடம் அது. அதன் தலைவர் எதையும் மெதுவாகச் சொல்பவர் என்பதால் அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் சர்க்கரையால் ஆன மெல்லிய ரோமப் போர்வை ஒன்றைப் போர்த்தியிருக்கிறது என்று அவர் வேலைக்குச் சேர்பவர்களிடம் சொல்வார். டீயில் போடும் சர்க்கரை அல்ல, அதன் தூரத்துச் சொந்தங்கள். சங்கிலி சங்கிலியாகக் கோத்து, கிளை விட்டு நிற்பவை. ஒரு செல் கெட்டுப்போக ஆரம்பிக்கும்போது, அது கட்டியாவதற்கும் வலிப்பதற்கும் வெகு முன்னால், இந்தப் போர்வைதான் முதலில் மாறுகிறது. சில சங்கிலிகள் பாதியில் நின்றுபோகின்றன. மூடியிருக்க வேண்டிய நுனி வெளியே தெரிகிறது. பச்சை நிலக்கடலையில் இருக்கும் ஒரு புரதம் அந்த நுனியைத் தேடிப் பிடித்துக் கவ்விக்கொள்ளும், மற்றதைச் சீண்டாது. அந்தப் புரதத்தைத் தட்டில் பூசி, அதன்மேல் ஒரு சொட்டு ரத்தம் விட்டு நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் கூடத்தின் வேலை. அவள் அதில் பட்டம் வாங்கியவள். குளிர் அறையில் கடலையை அரைப்பது, வடிகட்டுவது, புரதத்தைப் பிரிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கையுறை போட்டால் பிடி நழுவுகிறது என்று வெறும் கையால் செய்தாள். பல வருடங்கள் அப்படியே போயின. தட்டு ஒரு நாள் சரியாகச் சொல்லும், ஒரு நாள் உளறும்.

முதலில் ஒட்டியது குண்டூசியின் கழுத்தில். கண்ணாடிச் சாமான்களைக் கழுவும் ஆள். ஒல்லியாக இருந்ததால் குண்டூசி. ஃப்ரிட்ஜ் கதவை மறித்துக்கொண்டு நின்றவரைக் கொஞ்சம் நகருங்கள் என்று கழுத்துப்பக்கம் தொட்டு நகர்த்தினாள். அவர் நகர்ந்தார், கையும் கூடவே போனது. பசை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் பசை அந்த வாரம் புதிதாக வந்திருந்தது, அதன்மேல் எல்லோருக்கும் கோபம். சோப்பு போட்டார்கள், மண்ணெண்ணெய் தடவினார்கள், வெந்நீர் ஊற்றினார்கள். "ஏங்க, என்னை விடுறதுக்கு உங்களுக்கே மனசு வரலயா?" என்று குண்டூசி கேட்டு, வெந்நீர் பட்டதும் கத்தினார். ஒருவர் சட்டையை வெட்டிவிடலாம் என்றார். கை சட்டைமேல் இல்லை என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. சாப்பாடு முடித்துத் திரும்பிய நிதானம் இரண்டு பேரையும் சுற்றி வந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

"காலைல என்ன அரைச்சீங்க? கடலையா, அவரையா?"

"கடலை சார்."

அவர் கேன்டீனுக்கு ஆள் அனுப்பி ஒரு டம்ளர் பால் வாங்கிவரச் சொன்னார். பாலில் இருக்கும் சர்க்கரை தனக்கென்று கிடைத்தால் கடலைப் புரதம் பிடித்ததை விட்டுவிட்டு அதன் பின்னால் போய்விடும். கூடத்தில் தினமும் செய்யும் வேலைதான். கைக்கும் கழுத்துக்கும் நடுவே பாலை ஊற்றினார், கை வந்துவிட்டது. பிறகு குண்டூசியின் கழுத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாமே" என்றார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அடுத்த தடவையும் ஒன்றும் இல்லை. குண்டூசி எல்லோரிடமும் கழுத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டு திரிந்தார். மழைக்காலம் முடிந்து எடுத்த ஸ்கேனில் எள்ளளவு ஒன்று தெரிந்தது. எடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாகச் சதை போட்டிருக்கிறார், பெயர் மட்டும் மாறவில்லை.

அதற்குப் பிறகு கூடத்தின் முன்னறையை அவளுக்குக் காலி செய்து கொடுத்தார்கள். ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, பால் ஜாடி, கீழே தகரத் தட்டு. காலையில் வரிசை நிற்கும். வந்தவர் முழங்கையை நீட்டுவார், அவள் வைப்பாள், எடுப்பாள். எடுக்க வராதபோது பாலை எடுத்து ஊற்றுவாள். வழிந்த பால் சன்னலுக்கு வெளியே சாக்கடையில் போய் விழும். தெருப் பூனைகள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகவில்லை. பூனைகளை ஊர் கண்டுபிடிக்க அதுகூட ஆகவில்லை. யார் உள்ளே போனபோது பூனைகள் சாக்கடைக்கு ஓடின என்று எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். உள்ளே இருந்தவர் வெளியே வருவதற்குள் அவர் வீட்டுக்குச் சேதி போய்விடும். நிதானம் இரண்டு நாள் யோசித்து, ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் எல்லோர் கையிலும் பால் ஊற்றும்படி சொன்னார். பூனைகள் கொழுத்தன, டீக்கடையில் கூட்டம் குறைந்தது.

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. கட்டி என்று ஒன்று தெரியும் முன்பே ஆட்கள் மருந்துக்குப் போனார்கள், திரும்பி வந்தார்கள், பழையபடி அக்கம்பக்கத்தோடு சண்டை போட்டார்கள். சவ வண்டி ஓட்டுபவருக்குப் பாதி நாள் வேலை இல்லாமல் போய், வண்டியைக் கழுவிக் காய்கறி ஏற்ற ஆரம்பித்தார். வாங்குபவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கை சொல்வதற்கும் ஸ்கேன் சொல்வதற்கும் நடுவில் ஒரு காலம் இருந்தது. சிலருக்குச் சில மாதம், சிலருக்கு வருடங்கள். எடுப்பதற்கு எதுவும் இல்லை, மறப்பதற்கும் வழியில்லை. அந்தக் காலத்தில் இருப்பவர்களை ஊரில் பார்த்தாலே தெரியும். கடையில் மீதிச் சில்லறையை வாங்காமல் போவார்கள். செடி நட மாட்டார்கள். அல்லது வீடு முழுக்கச் செடியாக நடுவார்கள். அவர்களில் யாராவது எதிரே வந்தால் அவள் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவாள். பயமா, வெட்கமா என்று தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். இரண்டும் இல்லை. தபால்காரரிடம் யாருக்கும் கோபம் இருக்காது, ஆனால் கெட்ட சேதி வந்த வீட்டில் அவரை உட்காரச் சொல்ல மாட்டார்கள். அப்படி ஏதோ ஒன்று.

பிறகு நூல் ஆலைக்காரர் தன் ஆட்களை வரிசையாக அனுப்பினார். ஒட்டாதவர்களுக்கு வேலை நிரந்தரமானது. வாடகைக்கு வீடு விடுகிறவர்கள், கை வைத்துவிட்டு வாருங்கள் என்றார்கள். கல்யாணம் பேசுகிறவர்கள் சொல்லவே வேண்டாம். ஜோடியாக வந்து, முதலில் நீ, முதலில் நீ என்று வாசலில் தகராறு செய்தார்கள். நீட்டிய கைகளின் முகத்தை அவள் பார்க்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். தானாக வந்த கை கொஞ்சம் வேர்த்திருக்கும். அனுப்பப்பட்ட கை காய்ந்திருக்கும், அதில் ஆளே இருக்க மாட்டார். நிதானம் மட்டும் தட்டை விடவில்லை. "உங்க கை செய்யுறதத்தான்மா இந்தத் தட்டும் செய்யணும். இன்னும் கொஞ்ச வருஷம். தட்டுல ஒரு வசதி பாருங்க, அதுக்குச் சொந்தக்காரங்க கிடையாது" என்பார்.

அவளுக்கு இருந்தார்கள். நில அளவை செய்பவரான கணவர் அவளோடு நல்லபடியாகத்தான் வாழ்ந்தார். கை மாறிய பிறகும் பக்கத்தில்தான் படுத்தார். தூக்கத்தில் கை அவர்மேல் விழும், ஒட்டாது, அவர் விழித்துக்கொள்வார். ஒரு நாள் பெட்டியைக் கட்டிவிட்டு, அவளுக்கு டீயும் போட்டுக் கொடுத்துவிட்டு, காரணத்தைச் சொன்னார். "இருக்குன்னு சொல்லிட்டாக்கூட ஒரு நாளோட போயிடும். தினம் தினம் இல்ல இல்லன்னு சொல்லிட்டே இருக்கியே, அதத்தான் என்னால தாங்க முடியல." அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவர் வேறு ஊரில் நிலம் அளக்கிறார், போனில் விசாரிப்பார். அதன்பின் பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. கடைக்காரர்கள் மீதிப் பணத்தை மேசைமேல் வைத்து நகர்த்தினார்கள். கையுறை போட்டுப் பார்த்தாள், எதையோ மறைக்கிறாள் என்றார்கள். காலையில் ஊரே வந்து அவளைத் தொட்டது. மத்தியானத்துக்கு மேல் யாரும் தொடவில்லை.

தொட்டது அண்ணன் வீடு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை போனால் அண்ணி வாசலுக்கு வந்து கட்டிப்பிடிப்பாள், எந்தப் பக்கம் எந்தக் கை என்று பார்க்க மாட்டாள். அண்ணி ஏற்கெனவே ஒட்டியவள். அது நடந்தது அந்தச் சமையலறையில். அண்ணி பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர், ஒரு வாளி, மாடிப்படி, அவ்வளவு தூரம் வந்தாயிற்று. இவள் சிரிப்பை அடக்க முடியாமல் அண்ணியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். கை திரும்பி வரவில்லை. அடுப்பில் பால் இருந்தது, சூடாக இருந்ததால் ஆறவைக்க வேண்டியிருந்தது. அது ஆறும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அண்ணிக்கு ஆபரேஷன் ஆயிற்று, முடி கொட்டிற்று, முளைத்தது. வருடங்கள் கழித்து ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அண்ணி சொன்னாள்: "நீ என்னைக் காப்பாத்தின. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஜோக்கோட முடிவு என்னன்னு எனக்கு இன்னி வரைக்கும் ஞாபகம் வரல பாத்துக்கோ. கேட்டுட்டுத் தொட்டிருந்தா, இரு, முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லியிருப்பேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் அதை மறந்திருப்பாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு மேசையில் புது விரிப்பு. பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில், குழம்பு வைக்கும் பெரிய பீங்கான் ஜாடி நிறையப் பால்.

"எதுக்குங்க இவ்வளவு பெரிய ஜாடி? பால்ல குளிக்கப் போறாங்களா?" என்று அண்ணி கேட்டாள்.

"டீக்கு வேணாமா?"

"ஆறு பேருக்கு?"

"ரெண்டாவது டம்ளர் கேட்டா?" என்றான் அண்ணன். தங்கையைப் பார்த்து, "நீ வாசல்லயே நில்லு. பொண்ணு வந்ததும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வா. சிரிச்ச மாதிரி இரு" என்றான். பேருந்தில் எழுதிய வாக்கியங்களில் ஒன்றுகூட அவளுக்கு அப்போது கிடைக்கவில்லை. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் சமையலறைக்குள் போய், காலியாக இருந்த தட்டில் டம்ளர்களை அடுக்கி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். தட்டோடு நிற்பவரை யாரும் கை கொடுக்கச் சொல்ல முடியாது. அண்ணன் பார்த்த பார்வையில் டம்ளர்கள் லேசாக ஒன்றோடொன்று மோதின.

பெண் ஈரத் தலையைப் பின்னி முடிந்திருந்தாள், அவளோடு குளத்து மருந்து வாசனையும் வந்தது. அவளுடைய அப்பா பல்செட் செய்பவர். யார் பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தார், அதனால் அண்ணன் உதட்டை இழுத்து மூடிக்கொண்டே பேசினான். அவன் மகன் ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன் சாமர்த்தியமாக நாற்காலிகளை நகர்த்தி, அந்தப் பெண்ணைத் தங்கைக்கு வலது பக்கம் உட்காரவைத்தான். குளத்தில் பிள்ளைகள் முதலில் தண்ணீருக்கு அழுவார்களா, அம்மாவுக்கு அழுவார்களா என்று அண்ணி கேட்டாள். "அம்மா போனதும் தண்ணிக்கு அழுவாங்க, தண்ணி பழகினதும் அம்மா கூட்டிட்டுப் போக வந்தா அழுவாங்க" என்றாள் அந்தப் பெண். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். அப்போது அந்தப் பெண் ஜாடியைப் பார்த்தாள்.

"இவ்வளவு பால் டீக்கு இல்லல்ல?" என்றாள்.

அண்ணன் பிஸ்கட் தட்டை ஜாடிக்கு முன்னால் நகர்த்தினான்.

"எனக்குத் தெரியும் மாமா. இவர் முந்தாநாளே சொல்லிட்டார்."

"டேய்!" என்றான் அண்ணன்.

"சொல்லாம கூட்டிட்டு வரச் சொல்றீங்களாப்பா?" என்றான் மகன், கயிற்றிடம்.

பல்செட்காரருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. என்ன சொன்னார், என்ன பால் என்று ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். அண்ணன் சொன்னான். வெங்காய விலை சொல்வதுபோலத்தான் சொன்னான், கடைசியில் மட்டும் மகனைப் பார்த்தான்: "நான் கெட்டவன் இல்லங்க. இதோ என் வீட்டுக்காரி உக்காந்து டீ ஊத்துறான்னா அது என் தங்கச்சி கைதான். என் பையனுக்கு வர்றவளுக்கும் அப்படி ஒரு காவல் இருக்கணும்னு நினைச்சேன். முன்னாடியே தெரிஞ்சா முன்னாடியே பாத்துக்கலாம்ல?" பல்செட்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார், உட்கார்ந்தார். பிறகு முதல்முறையாக ஒருவரைக் கண்ணில் பார்த்தார், அவளைத்தான். "தொடுங்கம்மா" என்றார். "இவ அம்மாவுக்கு இந்தக் கை கிடைக்கல. இவளைத் தொட்டுச் சொல்லிடுங்க. நான் தூங்கிப் பல வருஷம் ஆச்சு."

பெண் கையை நீட்டினாள். ஊசிக்கு நீட்டுவதுபோல, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. மேசைமேல் இருந்த அந்தக் கையை அவள் பார்த்தாள். அது காய்ந்த கையா வேர்த்த கையா என்று பார்த்தாள். குளத்துக் கை, அதில் அப்படி எதுவும் தெரியவில்லை. அவளுடைய உள்ளங்கைக்கும் தூரத்திலிருந்து எதுவும் தெரியாது, பட்டால்தான் உண்டு. இந்த மேசையில் இருப்பவர்களில் பல்செட்காரரையும் இந்தப் பெண்ணையும் தவிர மற்ற எல்லோரையும் அவள் தொட்டிருக்கிறாள், ஊரில் பாதிப்பேரைத் தொட்டிருக்கிறாள். யாரைப் பார்த்தாலும் முதலில் ஞாபகம் வருவது ஒட்டியதா ஒட்டவில்லையா என்பதுதான், பெயரெல்லாம் பிறகு. இந்தப் பெண்ணைப் பார்க்கும்போது ஈரத் தலையும் குளமும் அழுகிற பிள்ளைகளும் மட்டும் ஞாபகம் வருகின்றன. அது அவளுக்கு நிழலில் உட்கார்ந்ததுபோல இருந்தது. அந்த நிழலுக்காகத்தான் தொட மனசில்லையா, அப்படியென்றால் அது சுயநலம் இல்லையா என்றும் அவள் யோசித்தாள். உள்ளே எள்ளளவுக்கும் முன்னால் ஏதாவது இருந்துவிட்டால்? இருக்கலாம். அந்த இருக்கலாம் அவள் நெஞ்சில் கனமாக உட்கார்ந்திருந்தது. அதை அவள் நகர்த்திவிடவில்லை.

"உனக்குத் தெரியணுமா?" என்று கேட்டாள்.

"அப்பா தூங்கணும்" என்றாள் பெண், அந்தப் பக்கம் பார்த்தபடியே. "மாமாவுக்குத் தேதி குறிக்கணும்."

"அவங்களை விடு. உனக்கு?"

பெண் யோசித்தாள். "எனக்கு நாளைக்குக் காலைல சின்னப் பசங்க கிளாஸ் இருக்கு. முதல் தடவையா கையை விட்டுட்டு மிதக்கப் போறாங்க" என்றாள். அது பதிலா என்று அவளுக்கே சந்தேகம் வந்ததுபோல நிறுத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

அவள் இடது கையால் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, நீட்டியிருந்த உள்ளங்கையில் வைத்தாள். "சாப்பிடு" என்றாள். "உனக்கே தெரிஞ்சுக்கணும்னு தோணுற அன்னைக்கு வா. வந்தா தொடுறேன், கூடவே இருக்கேன். இந்தக் கல்யாணம் ஆனாலும் வா, வேணாம்னுட்டுப் போனாலும் வா. இவங்க யாருக்காகவும் வராத." பிறகு பல்செட்காரரிடம், "ஐயா, உங்களை வேணும்னா நாளைக்குப் பாக்கிறேன். காலைல வாங்க" என்றாள். அவர் கையை மடியில் மறைத்துக்கொண்டார். தனக்கு என்று வந்தபோது அவருக்கும் உடனே தெரிய வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் டீ ஆறிப்போனதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். பெண் பிஸ்கட்டைக் கடித்தாள், அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள். அண்ணி வந்து பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தாள். முன்னறையில் நாற்காலிகள் நகர்ந்தன. அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றான். அவன் முகத்தில் கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செருப்பு மாட்டிட்டு இருக்காங்க" என்றான் மெதுவாக. "போய் வழியனுப்புற மாதிரி கையில லேசா ஒரு தட்டு தட்டு. ஒட்டலன்னா யாருக்கும் தெரியப்போறதில்ல. நான் இதுவரைக்கும் உன்கிட்ட எனக்காக எதுவும் கேட்டதில்ல."

உண்மைதான், அவன் கேட்டதில்லை. கணவர் போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டவன் அவன்.

"இதுகூட செய்யலன்னா நீ இங்க எதுக்கு வர்ற?" என்றான். சொன்னதும் அவனே வேறு பக்கம் பார்த்தான். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. துடைத்துக்கொண்டிருந்த டம்ளரை அண்ணி கீழே வைத்தாள்.

வெளியே ஸ்கூட்டர் ஒருமுறை இருமியது, கிளம்பவில்லை. அவள் குழாயை மூடினாள். துண்டை எடுத்து இடது கையைத் துடைத்தாள், வலது கையைத் துடைத்தாள், துண்டை ஆணியில் மாட்டினாள். சுவரோரம் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவங்க போகட்டும்ணா" என்றாள். "நான் இங்கயே உக்காந்திருக்கேன்."